பழனி பாதயாத்திரைக்குச் செருப்பா, ஷூவா? கால் புண்ணாகாமல் போய்ச்சேர ஒரு முழு வழிகாட்டி

தைப்பூசத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது ஒட்டன்சத்திரம் பக்கம் ஏதாவது ஒரு அன்னதானப் பந்தலுக்குள் போய்ப் பாருங்கள். சாப்பாட்டு வரிசைக்குப் பக்கத்திலேயே தார்ப்பாய் விரித்து, காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். பாதிப் பேர் தங்கள் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். உடம்பில் தெம்பு இருக்கும், மனசில் முருகன் இருப்பான், கால் மட்டும் ஒத்துழைக்காது.

என் முதல் யாத்திரையில் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். மதுரையிலிருந்து கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது வாங்கிய புது ஷூ. கடையில் போட்டுப் பார்த்தபோது பஞ்சு மாதிரி இருந்தது. வாடிப்பட்டியைத் தாண்டும்போது வலது குதிகாலில் லேசான எரிச்சல். ராத்திரி பார்த்துக்கொள்ளலாம் என்று நடந்தேன். கொடைரோட்டில் சாக்ஸை உரித்தபோது ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோலும் அதோடு சேர்ந்து வந்தது. இரண்டு பெருவிரல் நகங்களும் கறுத்திருந்தன. மீதித் தூரத்தை எங்கள் குழுவில் வந்த ஒரு அண்ணன் கொடுத்த பழைய பின்வார் செருப்பில்தான், அதாவது குதிகாலைச் சுற்றி வார் உள்ள செருப்பில்தான், நடந்து முடித்தேன். அதற்குப் பிறகு செருப்பு, ஷூ இரண்டிலும் மாறி மாறிப் போயிருக்கிறேன். குழுவில் புதிதாக வருகிறவர்களின் காலைப் பார்த்துச் சொல்கிற வேலையும் எப்படியோ என்னிடம் வந்து சேர்ந்துவிட்டது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தை மாதத்தில், தார்ச்சாலையில், தோளில் ஒரு சின்னப் பையோடு நடக்கிற பெரும்பாலானவர்களுக்கு நல்ல பின்வார் செருப்புதான் ஏற்றது. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும், கணுக்கால் அடிக்கடி பிசகுகிறவர்களுக்கும், காவடியோ பெரிய மூட்டையோ சுமப்பவர்களுக்கும் முன்பக்கம் மூடிய ஷூ. ஆனால் உங்கள் காலுக்கு எது என்பதை நானோ கடைக்காரரோ சொல்ல முடியாது. மார்கழி முழுக்க நடந்து பார்த்து நீங்களேதான் கண்டுபிடிக்க வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எவ்வளவு தூரம், என்ன பாதை

மதுரையிலிருந்து வாடிப்பட்டி, கொடைரோடு, சின்னாளபட்டி, திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி, ஆயக்குடி வழியாகப் பழனி ஏறக்குறைய 120 கிலோமீட்டர். திண்டுக்கல்லிலிருந்து மட்டும் என்றால் சுமார் 60. கோயம்புத்தூர்க்காரர்கள் பொள்ளாச்சி, உடுமலை வழியாக 100 கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறார்கள். காரைக்குடிப் பக்கத்து நகரத்தார்கள் குன்றக்குடியிலிருந்து காவடியோடு கிளம்பி நத்தம், திண்டுக்கல் வழியாக வருவது இன்னும் நீண்ட பாதை. நம்மில் பலருக்கும் இந்த யாத்திரைக்கு முன்னோடிகள் அவர்கள்தான்.

120 கிலோமீட்டர் என்பது சாதாரண நடையில் சுமார் 1,60,000 அடி. ஒரு காலுக்கு 80,000. உங்கள் ஷூ ஒவ்வொன்றும் 100 கிராம் கூடுதல் எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். பழனி போய்ச்சேர்வதற்குள் ஒரு கால் 8 டன்னைக் கூடுதலாகத் தூக்கி வைத்திருக்கும். கடையில் மெத்தென்று இருக்கிறதா என்று அமுக்கிப் பார்ப்பதற்கு முன்னால் கையில் தூக்கிப் பாருங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

பாதை பெரும்பாலும் தார்ச்சாலையும் அதன் ஓரமும்தான். காட்டுப் பாதையோ மலையேற்றமோ கிடையாது. அதனால் மலையேறுகிறவர்கள் போடும் கனமான பூட்ஸ் இங்கே வீண் சுமை. பகலில் வெயில், பின்னிரவில் பனி. இந்த இரண்டுக்கும் நடுவில் கால் வியர்த்து, காய்ந்து, மறுபடி வியர்க்கும்.

கொப்புளம் எப்படி வருகிறது

இது புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பலரும் நினைப்பது போலச் செருப்பு தோலைத் தேய்த்துத் தேய்த்து மட்டும் கொப்புளம் வருவதில்லை. கால் வைக்கும்போது மேல்தோல் சாக்ஸிலோ வாரிலோ ஒட்டி அங்கேயே நிற்கிறது. உள்ளே எலும்பு முன்னும் பின்னும் நகர்கிறது. நடுவில் இருக்கும் தோலடுக்குகள் எதிரெதிராக இழுபட்டுப் பிரிகின்றன. பிரிந்த இடத்தில் நீர் கோக்கிறது. லேசாக ஈரமான தோல் இன்னும் நன்றாக ஒட்டிக்கொள்ளும் என்பதால் இழுவையும் கூடும். நீரில் ஊறிய தோல் சீக்கிரம் கிழியவும் செய்யும்.

ஆகவே நமக்கு எதிரி மூன்று பேர்: ஈரம், சூடு, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் இழுவை. ஷூ முதல் இரண்டையும் கூட்டும். மூன்றாவதை, அளவு சரியாக இருந்தால், பாதம் முழுக்கப் பரப்பிக் குறைக்கும். செருப்பில் முதல் இரண்டும் குறைவு. ஆனால் வார் படுகிற நாலைந்து இடங்களில் இழுவை குவியும். செருப்பா ஷூவா என்ற கேள்வி இவ்வளவுதான். உங்கள் கால் அதிகம் வியர்க்குமா, எந்த இடத்தில் தோல் மெல்லிசு என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

முதல் படி: காலை வரைந்து எடுங்கள்

மார்கழி பிறந்ததும் செய்ய வேண்டிய முதல் காரியம் கடைக்குப் போவது இல்லை. ஒரு நாள் சாயங்காலம், வேலை முடிந்து வந்து, கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் நேரத்தில், ஒரு கெட்டி அட்டையைத் தரையில் போட்டு அதன்மேல் நேராக நில்லுங்கள். இரண்டு காலிலும் எடை சமமாக இருக்கட்டும். வீட்டில் ஒருவரிடம் பென்சிலைக் கொடுத்து, செங்குத்தாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு போடச் சொல்லுங்கள். குனிந்து நாமே வரைந்தால் எடை முன்னால் போய் அளவு மாறிவிடும். இரண்டு பாதத்தையும் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். அநேகமாக ஒன்று மற்றதைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். பெரிய காலுக்குத்தான் வாங்க வேண்டும்.

அந்த அட்டையைக் கடைக்கு எடுத்துப் போங்கள். ஷூ என்றால் உள்ளே இருக்கும் இன்சோலை உருவி அட்டையை அதன்மேல் வையுங்கள். அட்டை எந்தப் பக்கமாவது வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அந்த ஷூ வேண்டாம். நம் ஊரில் சின்ன வயதில் வெறுங்காலோடும் செருப்போடும் வளர்ந்தவர்கள் பலருக்கு முன்பாதம் விரிந்திருக்கும். குறுகலான மூக்கு வைத்த ஷூவில் சுண்டுவிரல்தான் முதலில் மாட்டும். செருப்பு என்றால் அட்டையைச் சுற்றி நாலா பக்கமும் அரை சென்டிமீட்டராவது அடிப்பாகம் தெரிய வேண்டும். விரல் நுனி செருப்பைத் தாண்டி வெளியே இருந்தால், இருட்டில் ஒரு கல்லில் இடித்தாலே அன்றைய நடை போச்சு.

பெண்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கடைகளில் பெண்கள் பிரிவில் இருப்பவற்றில் நிறைய மாடல்கள் அகலம் குறைவு, குதிகால் உயரம். எங்கள் குழுவில் வருகிற ஒரு அக்கா மூன்று வருஷம் சுண்டுவிரல் புண்ணோடு வந்துகொண்டிருந்தார். நாலாவது வருஷம் ஆண்கள் பிரிவில் தன் அளவுக்கு ஒரு பின்வார் செருப்பு வாங்கினார், புண் நின்றது. பார்க்க எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் பரவாயில்லை.

செருப்பு என்றால் எந்தச் செருப்பு

ஹவாய் செருப்பு வேண்டாம். இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன். அது கழன்றுவிடாமல் இருக்க ஒவ்வொரு அடிக்கும் விரல்கள் மடங்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். கடைத்தெருவுக்குப் போய்வரும்போது அது தெரியாது. 40 கிலோமீட்டருக்கு அப்புறம் கெண்டைக்கால் இறுகிக் கல்லாகும், பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே தோல் கிழியும். அந்த இடத்தில் பிளாஸ்திரி கூட நிற்காது.

பின்னால் குதிகாலைச் சுற்றி வார் உள்ள செருப்புதான் வேண்டும். வாங்கும்போது நான் பார்க்கிறவை இவை. முன்பாதம், மேல்பாதம், குதிகால் என்று மூன்று இடத்திலும் தனித்தனியாகத் தளர்த்தி இறுக்க முடிய வேண்டும், ஏனென்றால் சாயங்காலம் கால் வீங்கும்போது முன்வாரை மட்டும் தளர்த்த வேண்டியிருக்கும். வாரின் உட்புறத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். தையல் முடிச்சு, ஒட்டுவிளிம்பு, ரிவிட் ஏதாவது உறுத்தினால் அது 80,000 தடவை உறுத்தப் போகிறது. அப்புறம் அடிப்பாகம். இரண்டு கையாலும் பிடித்து மடக்குங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும், நடுவில் மடங்கக் கூடாது. துணி மாதிரி முறுக்க வந்தாலும் வேண்டாம். சாலையோரம் சீமைக்கருவேல முள் கிடக்கும். மெல்லிய ஃபோம் அடியில் அது நேரே ஏறிவிடும் என்பதால் கீழே கெட்டி ரப்பர், மேலே மெத்தை என்று இரண்டடுக்கு இருப்பது நல்லது.

வெல்க்ரோவா பக்கிளா? பாதி வழியில் வெல்க்ரோவில் மண்ணும் நூலும் அடைந்து ஒட்டாமல் போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். வெல்க்ரோதான் என்றால் ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ்ஷைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள், இரவில் தேய்த்துவிட்டால் சரியாகிவிடும்.

செருப்பின் இன்னொரு வசதியை, நடந்தவர்கள் மட்டுமே மதிப்பார்கள். நாள் முழுக்கக் கழற்றி மாட்டிக்கொண்டே இருப்போம். வழியில் பிள்ளையார் கோவில், மோர்ப்பந்தல், சாப்பாட்டுப் பந்தல், குளியல். ஷூவைக் கழற்றச் சோம்பல்பட்டு உட்காராமலே கடந்து போகிறவர்கள் உண்டு. அந்த ஓய்வு காலுக்குப் போய்ச்சேராமலே போகிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். பொடிக்கல் உள்ளே வரும். வந்த உடனே நின்று உதறிவிட வேண்டும், பத்தடி கழித்து என்று தள்ளிப் போடக் கூடாது. புழுதியும் காற்றும் பட்டுக் குதிகால் காயும். ஏற்கெனவே பித்தவெடிப்பு இருந்தால் பிளந்து ரத்தம் வரும். அப்படிப்பட்டவர்கள் மார்கழி முழுக்க இரவில் குதிகாலுக்கு விளக்கெண்ணெயோ வாசலினோ தடவி சாக்ஸ் போட்டுத் தூங்குங்கள். செருப்புக்கு உள்ளேயும் மெல்லிய சாக்ஸ் போட்டு நடக்கலாம். வார் நேரடியாகத் தோலில் படாது, புழுதியும் குறையும், பின்னிரவுப் பனிக்கும் இதமாக இருக்கும். நான் இரவில் சாக்ஸோடும் பகலில் சாக்ஸ் இல்லாமலும் நடக்கிறேன்.

ஷூ என்றால்

ஓடுவதற்குப் போடும் லேசான, மேல்பக்கம் வலைத்துணி வைத்த ஷூ போதும். நீர் புகாத வகை என்று அதிக விலைக்கு விற்பார்கள். தை மாதத்தில் நம் பக்கம் பெரிய மழை அபூர்வம். வெளியிலிருந்து நீர் புகாதது உள்ளிருக்கும் வியர்வையையும் வெளியே விடத் தயங்கும். வேண்டாம்.

அளவு ரொம்ப முக்கியம். நிற்கும்போது நீளமான விரலுக்கும் ஷூவின் நுனிக்கும் நடுவே ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். பெரும்பாலும் வழக்கமான அளவைவிட அரை அல்லது ஒரு எண் பெரிதாக வரும். என் நகம் கறுத்தது இந்த இடம் இல்லாததால்தான். ஒவ்வொரு அடிக்கும் விரல்நுனி முன்சுவரில் மோதிக்கொண்டே இருந்திருக்கிறது. குதிகால் மட்டும் உள்ளே மேலும் கீழும் ஆடக் கூடாது. பெரிய ஷூவில் குதிகால் ஆடினால் லேஸ் கட்டும் முறையால் சரிசெய்யலாம். ஷூவின் மேல் ஓரத்தில் பலரும் பயன்படுத்தாமல் விடுகிற கடைசித் துளை ஒன்று இருக்கும். லேஸை அதே பக்கத்தில் அந்தத் துளைக்குள் வெளியிலிருந்து விட்டு ஒரு சின்ன வளையம் உண்டாக்குங்கள். மறுபக்கமும் அப்படியே. பிறகு இடது முனையை வலது வளையத்துக்குள்ளும் வலது முனையை இடது வளையத்துக்குள்ளும் விட்டு இழுத்துக் கட்டுங்கள். குதிகால் பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளும், விரல்களுக்கு இடம் கிடைக்கும்.

ஷூவைவிட சாக்ஸுக்கு அதிகம் யோசியுங்கள். பருத்தி நல்லது என்று நமக்குப் பழகிப்போன நம்பிக்கை இங்கே உதவாது. பருத்தி வியர்வையை உறிஞ்சி அப்படியே வைத்துக்கொள்ளும். நாள் முழுக்க ஈரத்துணியில் காலைச் சுற்றி நடப்பது மாதிரி. பாலியெஸ்டர், நைலான் கலந்த விளையாட்டு சாக்ஸ் சீக்கிரம் உலரும். விரல் ஒன்றோடொன்று உரசிப் புண்ணாகிறவர்களுக்கு ஐந்து விரலும் தனித்தனியாக உள்ள சாக்ஸ் கடைகளில் கிடைக்கிறது, அருமையான பொருள். மூன்று ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று காலில், ஒன்று பையின் வெளியே பின் குத்திக் காய்ந்துகொண்டு, ஒன்று பைக்குள்.

சர்க்கரை உள்ளவர்கள்

இதைக் கொஞ்சம் நின்று படியுங்கள். பல வருஷமாகச் சர்க்கரை இருந்தால் காலில் உணர்ச்சி மெல்ல மெல்லக் குறையும். குறைந்தது நமக்கே தெரியாது. முள் குத்தியதோ, கொப்புளம் உடைந்ததோ, சாக்ஸ் நனைந்த பிறகுதான் தெரியவரும். யாத்திரைக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரிடம் போய்க் காலைக் காட்டுங்கள். மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் பல இடங்களில் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்ப்பார்கள், சில நிமிட வேலை. உணர்ச்சி குறைந்திருந்தால் வெறுங்கால் நடை கூடவே கூடாது. நடக்கலாமா, எத்தனை தூரம் என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்கென்று எம்.சி.ஆர். செருப்பு என்று விற்கிறார்கள். அடியில் ஒருவகை மென்ரப்பர் வைத்தது. அன்றாடத்துக்கு நல்லது. நெடுநடைக்கு அதே மென்ரப்பர் இன்சோல் வைத்த, முன்பக்கம் மூடிய, அகலமான ஷூதான் சரி. போடுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் கையை உள்ளே விட்டுத் தடவுங்கள். ஒரு சின்னக் கல் போதும். இரவில் கூட வருகிறவர் ஒருவரிடம் டார்ச் அடித்து உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள். பந்தல்களில் அன்போடு வெந்நீர் கொடுப்பார்கள். அதில் கால் வைப்பதற்கு முன் இன்னொருவர் கையை விட்டுச் சூட்டைப் பார்க்கட்டும், உணர்ச்சி குறைந்த கால் வெந்தாலும் சொல்லாது.

வெறுங்காலோடு நடக்க வேண்டுதல் இருந்தால்

வேண்டுதலை எடைபோடுகிற உரிமை எனக்கில்லை. செருப்பில்லாமல் நடந்தே தீருவேன் என்று வருகிற பெரியவர்களைப் பார்த்துத்தான் நான் நடக்கவே கற்றுக்கொண்டேன். ஆனால் அவர்களில் பலர் வயல்வேலை செய்து, வருஷம் முழுக்க வெறுங்காலில் இருப்பவர்கள், பாதம் பழகியிருக்கிறது. அலுவலகத்தில் ஷூவுக்குள் இருக்கும் கால் நான்கு நாளில் அப்படி ஆகிவிடாது.

பழக வேண்டும் என்றால் மார்கழிக் காலைகளில் மண்தரையில் அரை மணி நேரம் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள், பிறகு தார்ச்சாலை. யாத்திரையில் காலை 10 மணிக்கு மேல் பந்தலில் தங்கிவிட்டு, வெயில் தாழ்ந்து தார் ஆறிய பிறகு கிளம்புங்கள். பையில் ஒரு ஜோடிச் செருப்பு எப்போதும் இருக்கட்டும், போடாவிட்டாலும் இருக்கட்டும். எங்கள் குழுவில் நிறையப் பேர் செய்வது வேறு: ஊரிலிருந்து செருப்போடு நடந்து, ஆயக்குடி தாண்டியதும் கழற்றிப் பையில் வைத்துவிட்டு அங்கிருந்து மலை வரைக்கும் வெறுங்காலில் போவது. வேண்டுதலை நேர்ந்துகொள்ளும்போதே இப்படி நேர்ந்துகொண்டால் நடுவழியில் மனசு உறுத்தாது.

மார்கழி ஒத்திகை

வாங்கியாயிற்று. இப்போதுதான் உண்மையான தேர்வு. முதல் வாரம் தினமும் 3 அல்லது 4 கிலோமீட்டர். அடுத்தடுத்த வாரங்களில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு நீண்ட நடை: 8, 12, 16, 20 என்று. கிளம்புவதற்கு முந்தின வாரம் குறைத்துக்கொள்ளுங்கள். யாத்திரைக்குப் போகும்போது அந்தச் செருப்பிலோ ஷூவிலோ குறைந்தது 50 கிலோமீட்டர் நடந்திருக்க வேண்டும். 50 கூட இல்லாத புதுசைவிட நன்றாகப் பழகிய பழசு மேல், அதன் குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்து சாயாமல் இருந்தால். மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பார்த்தால் சாய்ந்திருப்பது தெரிந்துவிடும்.

யாத்திரையில் தூக்கப்போகும் அதே பை, அதே சாக்ஸ், அதே வேட்டி. ஒரு நாளாவது வெயிலில் நடங்கள், ஒரு நாளாவது விடியலுக்கு முன் இருட்டில். முக்கியமாக, 15 கிலோமீட்டருக்கு மேல் நடந்த மறுநாள் காலையும் நடந்து பாருங்கள். ஒரு நாள் நடை எந்தச் செருப்பிலும் ஓடிவிடும். நேற்று சிவந்த இடத்தில் இன்று மறுபடி படும்போதுதான் அதன் குணம் தெரியும்.

ஒவ்வொரு நடை முடிந்ததும் காலை வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்த இடங்களை அந்த அட்டையிலேயே பேனாவால் குறியுங்கள். மூன்று வாரத்தில் ஒரு வரைபடம் கிடைத்துவிடும். ஒரே இடத்தில் குறி கூடிக்கொண்டே போனால், அங்கே முன்கூட்டியே மைக்ரோபோர் டேப் (மருந்துக்கடையில் கிடைக்கும் காகித டேப்) ஒட்டி நடந்து பாருங்கள். அப்படியும் நிற்கவில்லையா, அந்த ஜோடியை விட்டுவிடுங்கள். விலை கொடுத்தோமே என்று பார்க்காதீர்கள். மாற்றுவதற்கு இன்னும் நாள் இருக்கும் என்பதற்காகத்தான் மார்கழியிலேயே ஆரம்பிக்கச் சொன்னேன்.

நடக்கும் நாட்களில்

கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது நகத்தை நேராக வெட்டுங்கள், ஓரத்தைத் தோண்டாதீர்கள். முதல்நாள் வெட்டினால் கூர்முனை பக்கத்து விரலைக் கீறும்.

காலையில் விரலிடுக்கு, குதிகால், உங்கள் அட்டையில் குறித்த இடங்கள் எல்லாவற்றிலும் வாசலின் தடவுங்கள். டேப் ஒட்டும் இடத்தில் மட்டும் தடவக் கூடாது, ஒட்டாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அதன் வழுவழுப்பு போய்விடும் என்பதால் ஓய்வெடுக்கும்போதெல்லாம் மறுபடி தடவ வேண்டும்.

ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை உட்காருங்கள். உட்கார்ந்ததும் கழற்றுங்கள், சாக்ஸோடு சேர்த்து. கால் காயட்டும், பைமேல் சற்று உயர்த்தி வையுங்கள். பத்து நிமிஷம் போதும். எரிச்சல் தெரிந்த அந்த நிமிஷமே நின்று பார்க்க வேண்டும். கூட வருகிறவர்கள் முன்னே போய்விடுவார்கள் என்று கூச்சப்படாதீர்கள். அடுத்த பந்தலில் அவர்களைப் பிடித்துவிடலாம். கிழிந்த தோலை அப்படிப் பிடிக்க முடியாது.

மழைநீர் வடிவதற்காகச் சாலை நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் இருக்கும். ஒரே ஓரமாக நாள் முழுக்க நடந்தால் ஒரு கால் எப்போதும் தாழ்வில் விழும். வெளிப்பக்கக் குதிகாலும் முழங்காலும் வலிக்க ஆரம்பிக்கும். எதிரே வரும் வண்டி தெரியும்படி வலது ஓரமாக நடப்பதுதான் பாதுகாப்பு, அதை விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆனால் ஓரத்தில் சமமான மண்பாதையோ, யாத்திரிகர்களுக்கென்று போட்ட நடைபாதையோ கிடைக்கும் இடத்தில் உடனே அதற்கு இறங்கிவிடுங்கள். இரவில் பையின் பின்னால் மட்டுமல்ல, முடிந்தால் குதிகால் பக்கமும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். அசைகிற வெளிச்சம் ஓட்டுநர் கண்ணில் சீக்கிரம் படும்.

பந்தல் வாசலில் நூற்றுக்கணக்கான செருப்புகள் குவிந்திருக்கும். உங்களுடையது மாறிப் போனால் ஆறு வார ஒத்திகையும் போச்சு. ஒரு துணிப்பையில் போட்டுக் கையோடு உள்ளே கொண்டுபோங்கள். குளிக்கவும் கழிப்பறைக்கும் மட்டும் ஒரு லேசான ஹவாய் செருப்பு வைத்திருந்தால், நடக்கிற ஜோடி நனையாது.

கொப்புளம் வந்துவிட்டால்

சிறியதாக, வலி இல்லாமல் இருந்தால் உடைக்காதீர்கள். டேப் ஒட்டி நடங்கள். பெரியதாகி, கால் ஊன்ற முடியாத அளவுக்கு இறுகினால் நீரை வெளியேற்றலாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொப்புளத்தின்மேல் கிருமிநாசினி தடவி, மருந்துக்கடையில் வாங்கிய உறை பிரிக்காத புது ஊசியால் ஓரத்தில், தரைப்பக்கமாக, ஒன்றிரண்டு துளை போட்டு மெதுவாக அமுக்குங்கள். மேல்தோலை உரிக்கவே கூடாது, அதுதான் உள்ளே இருக்கும் பச்சைத் தோலுக்குப் போர்வை. மேலே கிருமிநாசினிக் களிம்பு, ஒட்டாத பஞ்சுத்துணி, அதன்மேல் டேப்.

ஊசியில் நூலைக் கோத்துக் கொப்புளத்துக்குள் விட்டு, நூலை அப்படியே விட்டுவிடுகிற வழக்கம் நம் யாத்திரைகளில் உண்டு. நீர் வடிந்துகொண்டே இருக்கும் என்பார்கள். வடியும், ஆனால் புழுதியும் அதே நூல் வழியாக உள்ளே போகும். வேண்டாம். சர்க்கரை உள்ளவர்கள் கொப்புளத்தைத் தாங்களாக உடைக்கவே வேண்டாம். மருத்துவ முகாமுக்குப் போய்விடுங்கள். சுற்றிலும் சிவந்து பரவுவது, சீழ், காய்ச்சல், காலில் மேல்நோக்கி ஒரு சிவப்புக் கோடு இவற்றில் எது தெரிந்தாலும் யாராக இருந்தாலும் நடையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

பழனி வந்ததும்

சண்முகநதியில் குளித்தால் காலை நன்றாகத் துடைத்து, குறிப்பாக விரலிடுக்கை உலர்த்திவிட்டு நகருங்கள். மலையேறும்போது செருப்பு கிடையாது. ஏற 693 படி இருக்கிறது. மலையேற யானைப்பாதை என்று இன்னொரு வழியும் உண்டு. அதில் சரிவு குறைவு, புண்ணான காலுக்கு அதுதான் சுகம். டேப் ஒட்டிய காலில் மத்தியான வெயிலில் கல்படி ஏறுவது கொடுமை. நாங்கள் விடியலுக்கு முன் ஏறிவிடுவோம். புண் உள்ளவர்கள் இறங்கும்போது யானைப்பாதையிலேயே வாருங்கள், படியில் இறங்கினால் முன்பாதத்தில்தான் எடை முழுக்க விழும்.

ஊர் திரும்பியதும் செருப்பின் வார்களை சோப்புத் தண்ணீரில் பிரஷ் போட்டுத் தேய்த்து நிழலில் காயவையுங்கள். வெயிலில் போட்டால் ஒட்டிய பசை விட்டுப்போகும். ஷூ என்றால் இன்சோலை உருவித் தனியாகக் காயவைத்து, உள்ளே செய்தித்தாள் திணித்து வையுங்கள். அந்த அட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். இந்த வருஷம் எங்கே சிவந்தது, எங்கே கொப்புளித்தது, எந்த ஊரைத் தாண்டும்போது ஆரம்பித்தது என்று அதன் பின்பக்கம் எழுதி, செருப்போடு சேர்த்தே பரணில் வைத்துவிடுங்கள். அடுத்த மார்கழியில் முதலில் கையில் எடுக்க வேண்டியது அதுதான்.